எட்டாவது கம்பு

உடப்பு,
6.12.1990

தம்பி வீரகத்திக்கு அக்கா இரஞ்சிதம் எழுதுவது. நீ கொழும்பில் சுகமாகத்தான் இருப்பாய். நாங்கள் இங்கே சுகமில்லை.

உன் அத்தானை இராணுவ முகாமில் பிடித்து வைத்து இன்றோடு ஐந்து நாள். ஆற்றுவாய்க்கு வடக்கே கரைவலை இழுக்கக்கூடாது என்பது அவர்கள் கட்டளை. இவர் தெற்கேதான் இழுத்தார், ஊரே பார்த்தது. வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி என்று இவரை மட்டும் கொண்டுபோனார்கள். நான் போய்க் கேட்டேன். முகாமுக்குப் பெரியவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு படத்தை விரித்து, ஆறு கடலில் விழுவது இங்கே, உன் புருஷன் நின்றது அதற்கு வடக்கே என்று சிங்களத்தில் சொன்னார். படத்தின் மூலையில் உன் கையெழுத்து இருந்தது.

உனக்கு வெட்கமில்லையா? கிழக்கே மேட்டிலிருந்து நேராக வரும் ஆறு, கடலைக் கண்டதும் வடக்கே திரும்பும். தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மணலை அள்ளிப் போட்டு வாயை மூடும். கார்த்திகை வெள்ளம் இன்னும் வடக்கே தள்ளி உடைக்கும். உடைத்த இடத்தில் வருஷா வருஷம் பனங்கம்பு நட்டுத் தேங்காய் உடைக்கிறோம். மூன்றாவது கம்புக்குக் குழி தோண்டியவனே நீதான். இப்போது எட்டாவது நிற்கிறது. உன் படத்தில் ஆறு இன்னும் தெற்கே முதல் கம்படியில் கிடக்கிறது.

ஆடித் திருவிழாவுக்கு நீ வந்தபோது, ஆற்றுவாயையும் அளந்து வரச் சொல்லித்தான் உன் நில அளவைக் கந்தோரில் அனுப்பினார்கள். நண்டுக்கறியும் சோறும் தின்றுவிட்டுப் பாயில் சரிந்தாய். ஆறு எங்கே போகப்போகுது அக்கா, பழைய படத்தைப் பார்த்துக் கீறினால் சரி என்றாய். வெயில், படு என்று சொன்ன என் வாயில் மண் விழ.

செவ்வாய்க்கிழமை இவரை வேறு முகாமுக்கு ஏற்றப்போகிறார்களாம். அப்படி ஏற்றிய பூமணியின் மகன் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

தோமஸின் மீன் லொறியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே லொறியில் ஏறி வா. நான் அளக்கவில்லை, படம் பிழை என்று உன் கையால் எழுதிக் கொடு. வேலை போகும். போகட்டும். அவர் வலை இழுத்துத்தான் நீ படித்தாய்.

கையெழுத்து யாருடையது என்று முகாமில் சொல்லவில்லை. ஊரிலும் சொல்லவில்லை. சின்னவள் மட்டும், மாமா பெரிய கந்தோரில்தானே இருக்கிறார், அவர் வந்தால் அப்பாவை விடுவார்கள்தானே என்று கேட்டபடி இருக்கிறாள். ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திரௌபதை அம்மன் உனக்குத் தைரியம் தரட்டும்.

உன்னை வளர்த்த அக்கா,
இரஞ்சிதம்