இடது பக்கம் இழுத்த கார்

9-11-2002, சனி

மிக்ஸி மறுபடி மக்கர். மெத்தையெல்லாம் மரத்தூள். ஜனவரி 26 அன்று டவுன்ஷிப் கிளப்பில் மரக்கார் பந்தயம். மோட்டார் கிடையாது, சரிவுப் பலகையில் தானாக உருண்டு வர வேண்டும். மகள் ரோகிணிக்காக அவள் அம்மா சங்கரிதான் செய்கிறாள். சக்கரத்துக்கு அச்சாக அடிக்கும் ஆணிகளை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். கீமோ முடிந்து வந்தவள் படுக்க வேண்டாமா?

மிக்ஸி பிளேடை நான் தப்பாக மாட்டியிருக்கிறேன் என்றாள். ஆராய்ச்சி மையத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவள், சரியாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கத்திவிட்டேன். சாப்பிடும்போதும் பேசவில்லை.

3-12-2002

மறுபடி அட்மிட். முடிந்த கார் டிவி மேல் இருக்கிறது.

7-12-2002, சனி

ரோகிணி பாட்டு கிளாஸ் போயிருந்தாள். காரை ஹால் தரையில் உருட்டிப் பார்த்தேன். இடது பக்கமே இழுக்கிறது. முன் சக்கரத்து ஆணி லேசாக வளைந்திருந்தது. பாவம், காய்ச்சல் கை. பிடுங்கி, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டினேன். இப்போது பிரிட்ஜ் வரை நேராகப் போகிறது. நான் செய்தேன், நானே!

8-12-2002, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்னேன்.

"எந்தச் சக்கரம்?"

"முன்னாடி, இடது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பரவாயில்லையே, உங்க கைக்கும் வேலை வருதே. நல்லா பண்ணீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்பச் சந்தோஷம்.

19-12-2002

சங்கரி போய்விட்டாள்.

12-1-2003

இந்த வருஷம் பொங்கல் இல்லை. "பந்தயத்துக்குப் போகலாமாப்பா? அம்மா செஞ்சது" என்றாள் ரோகிணி. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

26-1-2003

பந்தயத்தில் கடைசி.

சரிவின் நடுவே நீளமாக ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓடுகிறது; இடது சக்கரங்கள் அதற்கு இந்தப் பக்கம், வலது சக்கரங்கள் அந்தப் பக்கம். கார் சட்டத்தின் இரண்டு பக்கமும் மாறி மாறி இடித்துத்தான் வந்தது. பலகை போட்ட ஆசாரி செங்கல்வராயனே, "இன்னா சார், வண்டி தள்ளாடிகினு வருது" என்றார்.

ரோகிணி காரைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த ஆணிய யாருப்பா நிமித்துனது?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"அம்மா வேணும்னுதான் வளைச்சாங்க. கொஞ்சமா ஒரு பக்கம் இழுத்தாதான் சட்டத்த ஒட்டிக்கிட்டே போகும். இல்லன்னா இப்படித்தான் ரெண்டு பக்கமும் இடிக்கும். எத்தன தடவ உருட்டிப் பாத்து வெச்சாங்க தெரியுமா?"

அழுதாள். நான்தான் என்று வழியில் சொன்னேன்.

27-1-2003

லீவு போட்டேன். அப்படியென்றால் அன்றைக்கே சங்கரிக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தாள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் — ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருப்பேன். அதற்குப் பயந்தாயா? கடைசியிலும் என்னிடம் பயந்துதான் இருந்தாயா?

8-2-2003, சனி

"எப்படி வளைக்கறதுன்னு சொல்லிக் கொடு" என்று ரோகிணியிடம் கேட்டேன். தரையில் உட்கார்ந்தோம். குறடால் ஆணியைப் பிடித்தேன்.

"தப்புப்பா. அந்தப் பக்கம் இல்ல."

மாற்றி வளைத்தேன். உருட்டினோம். இடது பக்கமாகப் போய் சோபா காலில் முட்டியது.

"அம்மா வெச்ச மாதிரி வந்திடுச்சா?"

"இல்ல. ரொம்ப இழுக்குது. மறுபடியும் தப்பு."

"சரிம்மா" என்றேன். குறடை எடுத்தேன்.