பட்டியலின் கடைசிப் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே இளைஞர் மன்றத்தில் என் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம், தனியாக வசிப்பவர்களைக் கண்டுபிடித்து வாராவாரம் போய்ப் பார்க்கச் சொன்னேன். முடிவெல்லாம் அவர்களுடையது, தலையிட மாட்டேன் என்றும் சொன்னேன். ஞாயிறன்று நான்கு பேர் என் கதவையே தட்டினார்கள். அவர்கள் போட்ட பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

"வயசானவங்களைத்தானே சொன்னேன்?"

"வயசெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே அக்கா" என்றாள், நாங்கள் 'கலெக்டர்' என்று கூப்பிடும் குழுத் தலைவி.

சிரித்துவிட்டேன். இருந்த ஒரே டம்ளரைக் கழுவிக் கழுவி நால்வருக்கும் தேநீர் கொடுத்தேன்.

இனி வாராவாரம் வருவார்களாம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டு டம்ளர் நான்கு கொடுத்தனுப்புங்கள். அம்மா கேட்டால், பழையவை தொலைந்துவிட்டன என்று சொல்லுங்கள்; இத்தனை நாளும் ஒன்றே போதுமாக இருந்தது என்று சொல்லிவிடாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்