செண்பகம் கொண்டுவந்த கஞ்சி

டுரியான் துங்கால் வீட்டில், என் தோளில் சாய்ந்து டிவி பார்த்த என் அக்காவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். அந்தக் கொரியா நாடகத்தில் ராஜாவுக்குப் புத்தி கெடும் என்றேன், கெட்டது. மந்திரி தலை உருளும் என்றேன், உருண்டது. குதிரைக்காரன் மந்திரி மகளைப் பார்த்த முதல் பார்வையிலேயே, “இந்தக் குடும்பம் அவ்வளவுதான்” என்று சொன்னவன் நான். மலாக்காக் கோட்டையைப் பார்க்க ஒரு பஸ் நிறையக் கொரியாக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கே அந்த நாடகத்தின் முடிவைக் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். வாயைப் பிளந்து நின்றார்கள். ஓர் அம்மாள் அழுதேவிட்டாள்.

நீ நம்ப மாட்டாய். அழுதது உண்மை, அக்கா. வெயில் பட்டுக் கண் கலங்கியதாகவும் இருக்கலாம்.

சர்க்கரை உன் கண்ணை மங்க வைத்த பிறகு நான்தானே உனக்குக் கண்ணாக இருந்தேன்? ஜாகா வேலை, அதுதான் காவல்காரன் வேலை, முடிந்து சரியாக ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். அவர்கள் கொரிய மொழியில் பேசுவார்கள், கீழே மலாய் எழுத்து ஓடும், நான் அதைப் படித்துத் தமிழில் சொல்வேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். இருந்தாலும் பாசார் சந்தையில் பேசுகிற மலாயை வைத்துக்கொண்டு அரண்மனை மலாயைச் சமாளித்தேன். புரியாத இடத்தில் நானே வசனம் போட்டேன். பல இடங்களில் என்னுடைய வசனம்தான் எடுப்பாக இருந்தது. அந்தப் பெயர்கள் நம் வாயில் நுழையவில்லை என்று, மந்திரியின் மனைவிக்குப் பெரியநாயகி என்றும் மகளுக்குச் செண்பகம் என்றும் நாமே பெயர் வைத்துக்கொண்டோம்.

இளவரசனுக்கு நிச்சயம் செய்திருந்த செண்பகம் குதிரைக்காரனோடு ஓடிப்போனாள். அந்த அவமானத்தில் ராஜா மந்திரியைக் கொன்றார். பெரியநாயகி தனியாக நின்றாள். அன்று நீ தேநீரைத் தொடவேயில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? உன் மகள் கவிதாவும் நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நியாலாஸ் ஊர் லாரிக்காரரோடு போனவள்தான். அந்த வருஷமே அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகளால்தான் போனார் என்று எட்டு வருஷம் நீ அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

இந்த நாடகம் வந்த பிறகுதான் மெல்லக் கேட்க ஆரம்பித்தாய். கவிதாவைப் பற்றி இல்லை, செண்பகத்தைப் பற்றி.

“டேய், அவ திரும்பி வருவாளாடா?”

“வருவாக்கா. ஆனா சும்மா வர மாட்டா. அந்த ஆத்தாளையும் முடிச்சிட்டுத்தான் போவா. இருந்து பாரு லா.”

“வாயக் கழுவுடா. பெத்தவளப் போயி எவளாச்சும்...”

“அரண்மனைச் சங்கதி உனக்கு என்னா தெரியும்? நான் சொன்னதுல எது நடக்காம போச்சு?”

நாலாம் நாள் செண்பகம் வந்தாள். கிழிந்த பட்டு, கையில் ஒரு கிண்ணம் கஞ்சி. வாசலில் மண்டியிட்டுத் தாயிடம் நீட்டினாள். நீ என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

“என்னடா சொல்றா? கீழ என்னா எழுதியிருக்கு?”

“கஞ்சியில விஷம்க்கா. நான் சொன்னேன்ல?”

“அடிப்பாவி மவளே,” என்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். தடவித் தடவி ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தாய். அதன் பிறகு அந்த நாடகத்தை நீ போட விடவில்லை.

அந்த வாரமே சனிக்கிழமை கவிதா வந்தாள். யாரும் கூப்பிடாமல், எட்டு வருஷத்துக்குப் பிறகு, தனியாக, டிபன் கேரியரோடு. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. மூடியைத் திறந்ததும் வீடே மணத்தது.

“அம்மா, ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. நானே வச்சது.”

நீ குழம்பைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். “அங்க வச்சிட்டுப் போ,” என்றாய்.

அவள் போகவில்லை. பொழுது சாயும்வரை அடுப்படியில் நின்றாள். அவள் கண்ணெதிரே நீ, நான் வாங்கி வந்த ரொட்டி சானாயைப் பிய்த்துச் சாப்பிட்டாய். அவள் கேரியரை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதினோராம் நாள் நீயும் போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்களிடம், “அக்கா இந்த மாசம் தாண்டாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கவிதா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை உன் முதல் வருஷத் திதி. படையலை மகள் கையால் செய்ய வேண்டும் என்று நேற்று நியாலாசுக்குப் போன் போட்டேன்.

“நான் சமைக்க மாட்டேன் மாமா.”

“பெத்த மக நீ. வேற யாரு செய்யிறது?”

“கேட்டரிங்ல சொல்லிடுங்க. உயிரோட இருக்கப்பவே என் கைச்சோறு வேணாம்னுட்டாங்க. இப்ப படத்துக்கு முன்னால வச்சு நான் அசிங்கப்படணுமா?”

“அப்படி இல்ல ஆயி. உங்கம்மாவுக்கு அன்னைக்கு வயிறு சரியில்ல.”

“ரொட்டி சானாய் மட்டும் எறங்குச்சா?” என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: “அப்பாவ நான்தான் கொன்னேன்னு கடைசி வரைக்கும் நெனச்சாங்க. அதான் மாமா. வேற என்ன இருக்கு?”

போனை வைத்துவிட்டு உன் படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

மங்கின கண்ணோடு அன்று என்னைப் பார்த்தாயே, அது என்ன பார்வை அக்கா? ‘சாப்பிடட்டுமாடா’ என்று கேட்டாயா? நான் தலையை அசைத்திருந்தால் போதுமா? நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தை உன் நினைவு நாளுக்காகப் பேப்பருக்குக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருமாம். அதற்கு முன்பு, நாளைக் காலையிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நியாலாசுக்குப் போகிறேன். அவள் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டால் என் தைரியம் போய்விடும். அதன் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமலே போகலாம். வெள்ளிக்கிழமை அவள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்வேன். உன்மேல் சத்தியம்.

ஆனால் உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். மலாயில் விஷத்தை ராச்சுன் என்பார்கள். அன்று கீழே ஓடிய எழுத்தில் அந்தச் சொல்லே இல்லை. ‘அம்மா, சாப்பிடுங்கள்’ என்று மட்டும்தான் இருந்தது. எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் சொன்னது பலிக்காமல் போகிறதே என்று விஷத்தை நானாகப் போட்டேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தபோது, பெரியநாயகி அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள், அக்கா.

உன் தம்பி,
கவிதாவின் தாய்மாமன்,
மணியம்