வடகிழக்கு மூலையில் டிலேனிக்கு இடமில்லை

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திய கையோடு என் தங்கை வெர்னாவின் கடைக்குக் காபி குடிக்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் பெரிய வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கிறாள். எந்தத் தொலைக்காட்சித் தொடரின் கதை எந்த மாநிலத்தில் நடக்கிறது என்று ஐம்பது மாநிலங்களுக்கும் ஏதோ பத்திரிகைக்காரர்கள் படம் போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் இடம் போதாமல் பெயர்களைக் கடலுக்குள் எழுதியிருக்கிறார்கள். நெப்ராஸ்காவில் ஒன்றே ஒன்றுதான், ‘டிலேனியின் எல்லை’. பக்கத்தில் ஷெரிப் தொப்பி. எங்கள் ஊரான லிட்னா இருக்கும் இடத்தில் வெர்னா சிவப்பு ஊசி குத்தியிருக்கிறாள்.

“இத்தனை வருஷமா நம்ம மாநிலத்துல வெறும் சோளக்கதிரத்தான் வரைவாங்க. இப்ப பாருடி” என்றாள்.

பார்த்தேன். அந்தத் தொடரை எடுப்பது வேறு ஏதோ மாநிலத்தில். கதாநாயகன் ஷெரிப் டிலேனியின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மலை நிற்கிறது. லிட்னாவில் உயரமானது தானியக் கிடங்கு. அதன் உச்சியில் ஏறிப் பார்த்தால் அடுத்த ஊர்த் தானியக் கிடங்கு தெரியும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வியாழன்

கல்லறைத் தோட்டச் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. ஐந்து பேர். தலைவன் லைல் ஸ்வோபோடா, என் வகுப்புத் தோழன், இப்போது வெர்னாவின் புருஷன். செயலாளர் நான். புல் வெட்டுவதும் நான்தான்.

போன மாதம் டிலேனியைக் கதையில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதிலிருந்து எங்கெங்கிருந்தோ ஆட்கள் காரில் வந்து ஷெரிப்பின் சமாதி எங்கே என்று கேட்கிறார்களாம். கதையில் லிட்னா என்ற பெயர் வந்துவிட்டதல்லவா? ஆகவே ஒரு சமாதி கட்டிவிடலாம் என்கிறான் லைல். வடகிழக்கு மூலை காலியாகத்தானே கிடக்கிறது, குழி தோண்டிச் சிமென்ட் போட்டு, கருங்கல் நட்டு, சுற்றிப் பெஞ்சு போடலாம் என்று படமே வரைந்து கொண்டுவந்திருந்தான்.

“யாருக்காவது ஆட்சேபணை?” என்று கேட்டான். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. “ஆட்சேபணை இல்லை” என்று குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

முப்பத்தொரு வருடமாக இதைத்தான் எழுதுகிறேன். லிட்னாவில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. பிடிக்காவிட்டால் “அது ஒரு மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்போம். வாயைத் திறக்காதவர் ஒத்துக்கொண்டார் என்று கணக்கு.

ஏப்ரல் 12, வெள்ளி

ஏன் பேசவில்லை? அறுபத்தொரு வயதில் எனக்கு என்ன பயம்?

ஏப்ரல் 20, சனி

இன்று கம்பிகளை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்குப் போனேன். ஊரில் பெயர் தெரியாத குழியைத் தேட இப்படித்தான் செய்வோம். இரண்டு பித்தளைக் கம்பிகளை வளைத்துக் கைக்கொன்றாகத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கீழே ஆள் இருந்தால் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்த மூலை காலி இல்லை. கவுண்டி நிர்வாகம் அந்தக் காலத்தில் கதியற்றவர்களை வைத்துப் பராமரித்த ஏழைப் பண்ணையில் செத்தவர்களை அங்கேதான் புதைத்தார்கள். கிழடு தட்டிய கூலிக்காரர்கள், புருஷன் விட்டுப்போன பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள். கல் கிடையாது. பதிவேடு நீதிமன்றத் தீயில் போய்விட்டது. எனக்கு முன்பு புல் வெட்டியவர் என்னிடம் சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொன்னாராம். நாலு வரிசை நடந்தேன். இருபத்துமூன்று இடத்தில் கம்பி சாய்ந்தது. அதில் ஒன்பது இடம் என் கை நீளம்கூட இல்லை, பிள்ளைகள்.

இந்த ஒன்பதின் மேல்தான் சாகாத ஒருவனுக்குக் குழி தோண்டப் போகிறார்களா? அதற்குத்தான் நான் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேனா? வீடு வந்து காலணியைக் கழற்றி எறிந்தேன், நாய் பயந்து ஓடிவிட்டது.

ஏப்ரல் 22, திங்கள்

லைலிடம் போய்ச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டான், அது அவனிடம் உள்ள நல்ல குணம். கேட்டுவிட்டுச் சிரித்தான். கம்பி சமாச்சாரமெல்லாம் மூடநம்பிக்கை ஆர்லிஸ், காகிதம் இருந்தால் காட்டு என்றான்.

அவனுடைய அம்மா, பிறந்த அன்றே போன தன் முதல் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் ஐம்பது வருடம் தவித்தாள். கடைசியில் என்னை அழைத்துத்தான் கம்பியோடு நடக்கச் சொன்னாள். நான் காட்டிய இடத்தில்தான் இன்று கல் இருக்கிறது. அன்றைக்கு லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அன்று மூடநம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது, பேசவேண்டிய நேரத்தில் நீ பேசவில்லை என்றான். அது உண்மைதான். ஆனால் மே கடைசித் திங்கள், போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று, உறுப்பினர்கள் எல்லாரும் கூடி ஒப்புக்கொண்டால்தான் மண்ணைத் தொட முடியும். அது சங்க விதி. அன்றைக்கு நான் எழுந்து நிற்கப் போகிறேன்.

நின்றே தீருவேன். எழுதி வைத்துவிட்டேன்.

மே 4, சனி

புல் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒஹாயோ எண் போட்ட கார் வந்தது. ஒரு பெண்மணி, என் வயதிருக்கும், ஷெரிப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டிலேனி எங்கே என்று கேட்டாள். எனக்கு வெயில், வேர்வை, எரிச்சல்.

“அவர் சாகவே இல்லம்மா. சாகணும்னா முதல்ல பிறக்கணும்” என்றேன்.

அழுதுவிட்டாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அவளுடைய புருஷன் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் இருவரும் சேர்ந்து அந்தத் தொடரைத்தான் பார்த்தார்களாம். அவர் போனபின் சாம்பல் வீட்டு அலமாரியில் இருக்கிறது, போய் நிற்க ஓர் இடம் இல்லை என்றாள். பெயர் ரோவீனா. தொப்பியை எங்கேயும் வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

இருந்தாலும் அந்த மூலையில் இடம் கிடையாது. இவள்மேல் எனக்கு இரக்கம்தான். அதற்காக அந்தப் பிள்ளைகளின் இடத்தை எடுத்துக் கொடுக்க நான் யார்?

மே 5, ஞாயிறு

ஒப்புக்கொள்கிறேன், வேறு யாருக்கும் சொல்லப் போவதில்லை. அந்தத் தொடரின் ஐந்து பருவத்தையும் நான் பார்த்திருக்கிறேன். டிலேனி சுடப்பட்டு விழுந்தபோது நானும் அழுதேன். பின்னால் அந்த மலை தெரிந்ததால் கொஞ்சம் குறைவாக அழுதேன்.

மே 15, புதன்

வெர்னா வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் ஊர் முழுக்கத் தொலைபேசியில் ஆள் சேர்ப்பதாக யாரோ சொன்னார்களாம். யாரோ சொன்னது உண்மைதான்.

நாங்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து சத்தம் போட்டதில்லை. இன்று போட்டோம். இந்த ஊர் தேய்ந்துகொண்டே போகிறது, உயர்நிலைப் பள்ளி போனது, தபால் நிலையம் அரை நாள் ஆனது, இப்போதுதான் நாலு பேர் தேடி வருகிறார்கள், அதையும் கெடுக்கப் பார்க்கிறாயே என்றாள். எல்லாம் நியாயமான பேச்சுதான்.

“இங்க ஒரு ஊர் இருக்குன்னு மொத மொதல்ல யாருக்கோ தெரிஞ்சிருக்குடி. அது உனக்குப் பிடிக்கலையா?”

“தெரிஞ்சது நம்ம ஊரு இல்லடி, மலை இருக்கிற ஊரு. நம்ம ஊரு அந்த மூலையில படுத்திருக்கு. அத நீயே மிதிக்கச் சொல்ற.”

கதவை அறைந்துவிட்டுப் போனாள். அப்புறம் திரும்பி வந்து, மறந்துவிட்ட கைப்பையை எடுத்துக்கொண்டு மறுபடி அறைந்தாள்.

மே 27, திங்கள், நினைவு நாள்

வரிசையாக எழுதுகிறேன்.

கொடி ஏற்றி, துப்பாக்கி வணக்கம் முடிந்து, எல்லாரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். வழக்கமாக உறுப்பினர் கூட்டம் என்றால் பத்துப் பேர் கேக்கைத் தின்றுவிட்டுத் தலையாட்டுவார்கள். இன்று நாற்பத்தாறு பேர். லைல் நன்றாகவே பேசினான், படம் காட்டினான். பிறகு அதே கேள்வி, யாருக்காவது ஆட்சேபணை?

அந்த அமைதி இருக்கிறதே. காபி இயந்திரம் கொதிப்பது மட்டும் கேட்டது. எழுந்தேன்.

“எனக்கு ஆட்சேபணை இருக்கு” என்றேன். “ஏப்ரல்லயே இருந்துச்சு. இல்லன்னு பொய் எழுதினேன்.”

இருபத்துமூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். லைல் பொறுமையாக, கம்பி ஆதாரம் ஆகாது ஆர்லிஸ் என்றான். நான் கம்பிகளைப் பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் மேஜைமேல் வைத்தேன். நான் நடக்கவில்லை, நீயே போய் அந்த மூலையில் நட, கம்பி சாயவில்லை என்று நீ வந்து சொன்னால் நானே குழி தோண்டுகிறேன் என்றேன்.

அவன் கம்பிகளைப் பார்த்தான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கையை நீட்டினான், பாதியில் நிறுத்திவிட்டுச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். மூடநம்பிக்கை என்றால் தொட வேண்டியதுதானே? தொடவில்லை. முகம் சிவந்துவிட்டது, பிறந்த அன்றே போன அண்ணன் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“ஓட்டெடுத்துடலாம்” என்றான்.

சமாதி வேண்டும் என்று பதினேழு கை. வேண்டாம் என்று இருபத்தெட்டு. லைல் இரண்டிலும் கை தூக்கவில்லை. வெர்னா வேண்டும் என்று தூக்கினாள், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே.

குறிப்பேட்டில் எழுதினேன்: “தீர்மானம் தோற்றது.” எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

மே 30, வியாழன்

வெர்னா கடையில் எனக்குக் காபி ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவேன் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

ஜூன் 13, வியாழன்

நிர்வாகக் குழுக் கூட்டம். டிலேனியின் கல்லைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பதிலாகத் தானியக் கிடங்குக்கு எதிரே, வெர்னாவின் கடை வாசலில் நட்டுவிட்டார்கள். வடகிழக்கு மூலையில் இருபத்துமூன்று சின்னக் கல் பதிக்க முடிவானது. கல்லை லைல் அறுத்துத் தருகிறான், கேட்காமலே சொன்னான்.

நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தொப்பிக்காரர்கள் இன்னமும் கல்லறைத் தோட்டத்துக்குள் வருகிறார்கள், ஆகவே வாசல் கதவுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று. யாருக்காவது ஆட்சேபணை என்று லைல் கேட்டான். வழக்கமான அமைதி. பேனாவைத் திறந்துவிட்டேன்.

வெர்னா உறுப்பினர்தான், குழுவில் இல்லை. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

“எனக்கு இருக்கு” என்றாள். “அவங்க அழறதுக்கு ஒரு இடம் தேடித்தான் வர்றாங்க. வரட்டும். வந்து, நிஜமா செத்தவங்களையும் பாத்துட்டுப் போகட்டும். கூட்டிட்டுப் போய்க் காட்ட நான் இருக்கேன். பூட்டக் கூடாது.”

அவள் சொன்னதும் மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் வாதாடினோம். முப்பத்தொரு வருடத்தில் இத்தனை பேர் பேசி நான் பார்த்ததில்லை. நாலுக்கு ஒன்று. அந்த ஒன்று நான்.

எழுதினேன்: “ஆர்லிஸ் ஹ்ரூபியின் தீர்மானம் தோற்றது. முதலில் ஆட்சேபணை சொன்னவர் வெர்னா ஸ்வோபோடா.” அவள் பெயரைத் தெளிவாக, கோணல் இல்லாமல் எழுதினேன். வெளியே வந்தபோது லைலின் வண்டியை விட்டுவிட்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள், எந்தெந்த இடத்தில் குழந்தைகள் என்று இப்போதே காட்டச் சொன்னாள்.