இந்தத் தடவை தாய்வீடு எனக்கு

உ
சிவமயம்

வண்ணார்பேட்டை,
கொல்லம் 1088 புரட்டாசி 14

ராதாபுரத்தில் புகுந்த வீட்டாரோடு சீராக வாழும் என் தங்கை சௌபாக்கியவதி ஆவுடைத்தாய்க்கு அக்காள் பிரம்மநாயகி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் மாமியாரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் குழந்தை வடிவும் சுகமென்று கடிதம் கண்டு அறிந்தேன்.

நீ கொடுத்தனுப்பிய கருப்பட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. மாமியார் ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, ராதாபுரத்துக் கருப்பட்டிக்கு ஈடில்லை என்றார்கள். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் மட்டு. உன் அத்தானுக்குக் கோர்ட்டில் வேலை அதிகம். விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புகிறார்கள்.

உன் கடிதம் வந்தால் வாசித்துக் காட்டுவது நான்தான். மாமியார் எதிரே உட்கார்ந்து, பிறகு பிறகு என்று கேட்டுக்கொண்டிருக்க, உனக்கு மறுபடியும் ஐந்து மாதம் என்ற வரியையும் நானே வாசித்தேன். சிலருக்குத் தொட்டதெல்லாம் துலங்குகிறது என்றார்கள். யாருக்குத் துலங்கவில்லை என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லை, ஆவுடை. வயிறெரிந்தது. தலைவலி என்று சொல்லி அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் உனக்கு மாலை பூத்தது. உன் வடிவு இப்போது ஓடுகிறாள், பேசுகிறாள். அவளுக்கு நாலு மாதம் இளையதாக என் வீட்டிலும் ஒன்று ஓடியிருக்க வேண்டும். அவளுக்குப் பல் முளைத்தது, பேச்சு வந்தது என்று நீ எழுதும்போதெல்லாம், பிறக்காத என் பிள்ளைக்கும் நான் வயசு ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. பாபநாசத்தில் போய் நீராடினேன். சஷ்டி தவறாமல் பட்டினி கிடந்தேன். மருத்துவச்சி கொடுக்கும் கசாயத்துக்கு வேப்பிலையே தித்திக்கும். உன் அத்தானையும் விடவில்லை, அவர்களுக்கும் ஒரு லேகியம். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறார்கள், பாவம்.

ஆடிப்பூரத்தன்று கோயிலுக்குப் போனேன். காந்திமதி அம்மனுக்கு வயிற்றில் முளைப்பயறு கட்டி, வளையல் அடுக்கி, வளைகாப்பு. பிள்ளை வரம் வேண்டி அந்தப் பயறுக்கு மடியேந்தி நின்றவர்களில் நானும் ஒருத்தி. வருஷம் தவறாமல் வளைகாப்புக் காண்கிறாளே என்று அவளைப் பார்த்தும் பொறாமை வந்தது. சாமி மேலேயே பொறாமைப்படுகிறவள் உன்னை விட்டுவைப்பேனா?

போன வெள்ளிக்கிழமை தச்சநல்லூரிலிருந்து அம்மா வந்திருந்தாள். தீபாவளி கழிந்ததும் உன்னை அழைத்துவரப் போகிறாளாம். உள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றாம். பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் வெயிலில் காய்கின்றனவாம். நான் மடித்துக் கொடுத்த வெற்றிலையை மென்றுகொண்டே இவ்வளவும் என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைப் பற்றிப் பேசும்போது அது வருவதில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மூத்தவள் எனக்கு அது வாய்க்கவில்லை. நாம் இருவரும் சுமந்திருந்த அந்தத் தடவை நீ முந்திக்கொண்டாய். ஒரு கூரையின் கீழ் இரண்டு சூலிகள் ஆகாது, தங்கை பெற்று எழுந்த பிறகு நீ வா என்றாள் அம்மா. சரி என்று இங்கேயே இருந்தேன். ஐந்தாம் மாதம் எனக்குக் கலைந்தது. உடம்பு தேறுமுன்பே வண்டி பூட்டச் சொல்லித் தச்சநல்லூர் போனேன். அம்மா மடியில் தலை வைத்து அழ வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றுதான் போனேன். நீ வடிவைப் பெற்ற புதிது. உள்ளே நீ அவளைத் தாலாட்டுவது வாசல்வரை கேட்டது. அம்மா கதவை ஒருக்களித்து நின்றுகொண்டு, "இப்ப உள்ள வராத தாயி. பச்ச உடம்புக்காரி படுத்திருக்கா, சிசு கெடக்கு. ஒரு மாசம் போகட்டும், பைய வா" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். இது உனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் முழுகாமல் இருக்கிறேன். இரண்டாம் மாதம். உன் அத்தானுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. மூன்று மாதம் நிலைக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்பார்கள். யாரை நினைத்து வயிறெரிகிறேனோ அவளிடமே முதலில் சொல்லும்படி ஆயிற்று பார், என் தலையெழுத்தை.

நான் அம்மாவிடம் கேட்டால், இரண்டு கண்ணில் எந்தக் கண் என்று அழுவாள். அழுதுவிட்டு, மாதம் முந்தியவள் முதலில் என்பாள். நீ சொன்னால் கேட்பாள். ஆகையால் இந்தத் தடவை வரவில்லை என்று நீயே எழுதிவிடு. உனக்கு இது இரண்டாவது. உன் மாமியார் பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு அங்கே குறைவில்லை. அம்மாவையும் அந்த அறையையும் எனக்கு விட்டுக்கொடு. அக்காள் தங்கையிடம் இப்படிக் கேட்கலாமா என்று நினைப்பாய். கேட்கிறேன்.

உனக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அம்மனை வேண்டுகிறேன். வாய் வேண்டிவிட்டது, மனசு பின்னால் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள். வடிவுக்கு என் முத்தம்.

பிள்ளை பெறுவதற்காக மட்டும் நான் அந்த வீட்டைக் கேட்கிறேன் என்று நினைக்காதே. இதுவும் தங்காமல் போகலாம். அன்றைக்கு அங்கே வேறு பிள்ளையின் அழுகைச் சத்தம் இருக்கக்கூடாது. வெறும் மடியோடு போய் நின்றாலும், அம்மா எனக்குக் கதவை முழுக்கத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அக்காள்,
பிரம்மநாயகி