கொழும்புச் சுங்கத்தில் நிற்கும் கைலிச் சிப்பம்

786

தென்காசி
14 ஜூலை 1933

அன்பு மகன் முகம்மது மீரானுக்கு வாப்பா எழுதிக்கொண்டது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கன நானும் உன் உம்மாவும் அல்லாஹ் காவலில் சுகம், அங்கன நீ சுகமா என்று கேட்கத்தான் எனக்கு முகமில்லை. உன் தந்தி வந்த நாளாய்ச் சோறு இறங்கவில்லை, என்ன காரணமோ தொப்பையும் இறங்கவில்லை.

நம் கைலிச் சிப்பத்தை ஜப்பான் சரக்கென்று சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள், இந்தியாவில் நெய்தது என்று கையெழுத்துப் போட்ட உன்மேல் பொய்ச் சத்திய வழக்கு வரும் என்றாயே, அந்தப் பாவம் முழுக்க என்னுடையது. ஒரே ராஜா கொடிக்குக் கீழே உள்ள தேசத்துச் சரக்குக்குத் தீர்வை குறைவு, மற்றவர்களுக்கு முழுசு என்று ஒப்பந்தம் வந்தபோது, பந்தியில் இனி நமக்குத்தான் முதல் இலை என்று கடைத்தெருவெல்லாம் பீத்திக்கொண்டவன் நான். அதே நான்தான், ஜப்பான் துணியிலிருந்து உரித்த மலைப்படச் சீட்டு மினுமினுக்கிறதே என்று பஜாரில் வாங்கிவந்து ஒவ்வொரு கைலிக்கும் ஒட்டினேன். நம்ம துணிக்கு எதுக்கு ஊரான் மூஞ்சி என்று உன் உம்மா அப்பவே கேட்டாள், உனக்கு யாவாரம் தெரியாதுட்டி என்றேன், இப்போ மூணு வேளையும் அதைச் சொல்லிக் காட்டுதா.

நம் ஊர்ச் சரக்குதான் என்று சர்டிபிகேட் வாங்கத் தாசில்தாரைத் தேடிப் போனால், சாரல் சமயமாச்சே, குற்றாலத்தில் முகாம். அருவிக்கரையில் எண்ணெய் வழிய நின்றவர், வாயால் சொன்னால் போதாது, இங்கே நெய்ததென்று கண்ணால் காட்டும் என்றார். சிப்பத்துக் கைலிகளை நெய்த அதே பாவு நூலில் தறியில் மிச்சம் இருந்தது பாதி நெய்த கைலி ஒன்றுதான். நெய்து முடியாத பாவு நூலை யாராவது அறுப்பார்களா? என் கையை வேணா வெட்டிக்கிடுங்க மொதலாளி என்று தறிக்கார ஒலி முகம்மது எழுந்து போய்விட்டான். நானே அறுத்தேன், உன் உம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதி துணியும் பாதி வெறும் நூலுமாகத் தொங்கியதைப் பார்த்த தாசில்தார் சர்டிபிகேட் எழுதி, துணியோடு சேர்த்து அரக்கு முத்திரை வைத்தார்.

கொழும்புக்கு யாவாரமாக வரும் தில்லைநாயகம் அண்ணாச்சி அதைப் புதன் கப்பலில் கொண்டுவருதார், வியாழன் காலை துறைமுகத்தில் நில், சிப்பத்தோடு வைத்துக் கோடும் கலரும் ஒத்துப் பார்க்கச் சுங்க அதிகாரியிடம் சொல். வேறு சரக்கோடு கலந்துபோச்சு என்று உன்னைச் சொல்லிடச் சொல்லும் என்கிறார் அண்ணாச்சி, வேண்டாம். சீட்டு ஒட்டியது என் வாப்பா, முட்டாள்தனமாகச் செய்துவிட்டார் என்று அப்படியே எழுதிக்கொடு. அதற்கு அத்தாட்சி கேட்டால் கையெழுத்துப் போட உன் உம்மா தயார்.

அல்லாஹ் உன் நாக்கையும் நல்ல பேரையும் காப்பானாக. வேளைக்குச் சாப்பிடு. முடிவு தெரிந்ததும் தந்தி கொடுக்க மறக்காதே. அதில் வாங்க என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும், அடுத்த கப்பலில் வந்து அந்த அதிகாரி முன்னால் நீ நிற்கிற இடத்தில் நான் நிற்கிறேன்.

உன் வாப்பா
சேக் மைதீன்