இருபத்தெட்டாவது பதில்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிற ஆளா அவள். உன் தம்பி மறுபடி வேலை மாறிவிட்டான், இங்கேயாவது நிலைக்கிறானா பார்ப்போம். எனக்குத்தான் பத்து நாளாக மனசு சரியில்லை, உன்னிடம் சொன்னால் பாரம் இறங்கும் என்று எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு இணையத்தில் விவாதப் பலகை வைத்திருக்கிறேன். நான் ஒரு கேள்வி போடுவேன், பிள்ளைகள் பதில் எழுத வேண்டும், ஒருவர் பதிலுக்குக் கீழே மற்றவர்கள் மறுமொழி போட வேண்டும். வகுப்பில் வாய் திறக்காததுகள்கூட அதில் வெளுத்து வாங்கும். விடுமுறையில் அந்த வகுப்புப் பெண் ஒருத்தி காய்ச்சலில் போய்விட்டாள், வாயாடி என்று கூப்பிடுவோம். பள்ளி திறந்ததும், ஊர்கள் ஏன் ஆற்றங்கரையில் தோன்றின என்று கேட்டிருந்தேன். வகுப்பில் இருப்பது இருபத்தேழு பேர், வந்தது இருபத்தெட்டுப் பதில். கடைசிப் பதில் அவள் பெயரில். அதற்குக் கீழே பிள்ளைகள், ரெண்டாவது வரி தப்புடி என்று எழுதியிருக்க, சரி மாத்திடறேன் என்று அவளும் எழுதியிருந்தாள். இது யாருடைய விளையாட்டு என்று சத்தம் போட்டேன். ஒருவரும் முழிக்கவில்லை, சிரிக்கவில்லை. முன் பெஞ்சுப் பெண் மட்டும் எழுந்து, அவ எப்பவும் கடைசியாத்தான் சார் போடுவா என்றாள், ஏதோ அன்றைக்கு லீவு போட்டவளைப் பற்றிச் சொல்வதுபோல. எல்லாரையும் கணினி அறைக்கு அழைத்துப்போய்க் கையைத் தூக்கச் சொன்னேன். நல்ல வெளிச்சம், காலை இரண்டாவது பீரியட். ஐம்பத்து நாலு கையும் மேலே இருக்க, திரையில் அவள் பெயரில் புதிதாக ஒரு வரி வந்தது. சார், இன்னைக்கு என்ன கேள்வி என்று. பிள்ளைகள் கையை இறக்காமல் என்னையே பார்த்தார்கள், நான் அவளுக்குப் பதில் சொல்வேன் என்று.

தலைமையாசிரியை, அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள், முதலில் அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். போனேன். அவள் அம்மா தையல்காரி. தையல் மிஷின்மேல் மகளின் செல்போன் சாய்ந்திருந்தது, எங்கள் பலகை திறந்தபடி. நான் கேட்பதற்கு முன்பே, நான்தான் சார் என்றாள். பாடம் பாதியில நிக்குதேன்னு மனசு கேக்கலை, அவ புத்தகத்தைப் படிச்சுத்தான் எழுதறேன், நீ யாருன்னு ஒரு புள்ளகூடக் கேக்கலை சார், அவகிட்ட பேசற மாதிரியேதான் பேசுறாங்க என்றாள். இனி உங்கள் பெயரிலேயே எழுதுங்கள் என்றேன். தைத்த துணியின் நூலை அறுத்துக்கொண்டே, என் பேருக்கு யாரு சார் பதில் போடுவா என்று கேட்டாள்.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் முன்னாலேயே அவள் பெயரை நீக்கினேன். நிச்சயமாக நீக்கவா என்று திரை வேறு கேட்டதம்மா. மூன்று நாள் பலகையில் ஒரு எழுத்து இல்லை. நாலாம் நாள் அந்தத் தாய் தன் பெயரில் பதில் போட்டாள். மதியத்துக்குள் இருபத்தேழு மறுமொழி. எழுத்துப்பிழை இருக்கு ஆன்ட்டி என்றுகூட ஒருத்தன்.

அதிலிருந்து, நீ அனுப்பும் செய்தியைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுகிறேன். நல்லா இருக்கேன்பா என்று யார் தட்டினாலும் அதே எழுத்துத்தானே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்னோடு பேசக்கூட வேண்டாம், வழக்கம்போல அம்மாவோடு சண்டை போடு, பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மறக்காமல் கூப்பிடு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அப்பா